பச்சைக்குக் காத்திருந்த பாடகி

ஒரு தேசம் இன்னொரு தேசத்தின் மீது கொள்ளக்கூடிய காதல்களிலேயே உன்னதமானது, தொண்ணூறுகளின் நடுவில் ஜெர்மனி 'லிமோனெட்டா' என்ற டச்சுப் பாட்டுக்குழு மீது கொண்ட காதல்தான். ஐயமுள்ளவர்கள் அந்தக் காலத்து ஜெர்மன் சனிக்கிழமை மாலையைப் பார்த்ததில்லை என்று பொருள். கோடிக்கணக்கான ஜனங்கள் பியர் பாட்டிலைத் திறந்து வைத்துக்கொண்டு, தொலைக்காட்சிப் பெட்டிக்கு முன் அமர்ந்து, மூன்று டச்சுப் பெண்கள் ஆடுவதைப் பார்த்து, ஒரே சமயத்தில், ஒரே சீராக, தாளத்துக்குச் சற்றே தப்பாகக் கைதட்டினார்கள்.

பாட்டுக்காகவா? பாட்டைக் குறை சொல்ல நமக்கு மனம் வராது. குறை இருப்பதற்கு முதலில் அதில் ஏதாவது இருக்க வேண்டும். குரலுக்காகவா? மேடையில் பாடியது ஒலிநாடா. பெண்கள் வாயசைத்ததோடு சரி. ஜெர்மனி காதலித்தது அவர்களுடைய 'இயல்பை'. டச்சுக்காரர்கள் இயல்பானவர்கள், சட்டதிட்டத்தைச் சட்டை செய்யாதவர்கள், சதா சிரிப்பவர்கள் என்பது ஜெர்மனியில் நிரூபணமான உண்மை. வருஷாவருஷம் விடுமுறைக்கு டச்சுக் கடற்கரைக்குப் போய், மணலில் பள்ளம் தோண்டி, அந்தப் பள்ளத்துக்குள்ளேயே இரண்டு வாரம் உட்கார்ந்து ஆராய்ந்து கண்ட உண்மை.

ஆகவே ஹாம்பர்க்கில் அவர்களுடைய இசைத்தட்டு நிறுவனம் 'இயல்புத் துறை' என்று ஒரு தனித் துறையே நடத்தியது. தலைவர் ஹெர் பெல்ட்மான். எந்தப் பாட்டில் எந்த வரியில் பெண்களுக்கு 'அடக்க முடியாமல்' சிரிப்பு வரும், எந்தப் பேட்டியில் யாருக்குக் கால் தடுக்கும், எந்த விழாவுக்கு மூச்சிரைக்கத் தாமதமாக ஓடி வருவார்கள் என்பதையெல்லாம் மூன்று மாதம் முன்னதாகவே தீர்மானிப்பது அவர் பொறுப்பு. தாமதமாக வரவேண்டிய இடத்துக்கு அவர்கள் ஒருநாளும் குறித்த தாமதத்தைத் தவறவிட்டதில்லை.

இப்பேர்ப்பட்ட துறையின் தலையில்தான் இடி விழுந்தது. மூவரில் நடுவில் நின்று ஆடுகிற ஹன்னெக், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, ஈ காக்கை இல்லாத தெருவில், கொட்டுகிற மழையில், பாதசாரிகளுக்கான சிவப்பு விளக்கு எரிய, அசல் ஜெர்மன்காரியைப் போல, பச்சைக்காகக் காத்து நின்றாள். எந்தத் திசையிலும் வண்டி இல்லை. ஒரு புகைப்படக்காரன் மட்டும் இருந்தான்.

மறுநாள் பத்திரிகையின் முதல் பக்கத்தில் படம். தலைப்பு: 'இவளுமா?'

அவசரக் கூட்டம் கூடியது. ஹெர் பெல்ட்மான் பத்திரிகையை இரண்டு விரலால் பிடித்து, செத்த எலியைப் போல மேசை மீது போட்டார்.

"இது என்ன ஹன்னெக்?"

"ரோடு, ஹெர் பெல்ட்மான்."

"ரோட்டுல நீங்க என்ன பண்றீங்க?"

"நிக்கிறேன்."

"அதான் ஏன்னு கேக்கறேன்!"

"சிவப்பு எரிஞ்சுதே."

விற்பனைப் பிரிவைச் சேர்ந்த ஃப்ராவ் லூடர்ஸ் கைக்குட்டையைத் தேடினார்.

"பதினெட்டு வருஷமா நான் உங்க ஊர்க் கடற்கரைக்குப் போறேன்," என்றார் ஹெர் பெல்ட்மான், குரல் தழுதழுக்க. "ஒரு டச்சுக்காரி சிவப்புக்கு நின்னு நான் பாத்ததே இல்ல."

"பள்ளத்துக்குள்ள இருந்து ரோடு தெரியாது, ஹெர் பெல்ட்மான்," என்றாள் மார்லூஸ். இவள் இடப்பக்கம் ஆடுகிறவள். வலப்பக்கம் ஆடுகிற யோக் சிரித்தாள். யோக் எதற்கும் சிரிப்பாள். மாதச் சம்பளம் அதற்குத்தான்.

"நீங்க எல்லாரும்தான் தினம் நிக்கிறீங்க. நான் நின்னா மட்டும் தப்பா?" என்று கேட்டாள் ஹன்னெக்.

"நாங்க நிப்போம்! நாங்க ஜெர்மன்காரங்க. நாங்க இத்தனை பேரு நிக்கிறோமே, எங்களுக்காக யாராவது ஒருத்தர் போக வேண்டாமா? ஜனங்க இசைத்தட்டு வாங்கறது எதுக்குன்னு நெனச்சீங்க?"

"பாட்டுக்குன்னு நெனச்சேன்."

இந்த நகைச்சுவையை யாரும் ரசிக்கவில்லை. ஹெர் பெல்ட்மான் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார். "எட்டு வருஷம் இங்க இருந்து நீங்க கெட்டுப் போயிட்டீங்க. வெள்ளிக்கிழமை அலுவலகத்துக்குச் சொன்ன நேரத்துக்கு முன்னாடியே வந்தீங்களாம். காவலாளி சொன்னாரு. ஒரே ஒரு வாய்ப்பு தர்றோம். வர்ற சனிக்கிழமை, ஜனங்க முன்னாடி, கேமரா முன்னாடி, நீங்க சிவப்புல ரோட்டைக் கடக்கணும். இயல்பா. இல்லேன்னா உங்க இடத்துக்கு வேற டச்சுக்காரி தயாரா இருக்கா. பீலஃபெல்ட் ஊரு."

"பீலஃபெல்டா? அது ஜெர்மனியிலதானே இருக்கு?"

"இருக்கட்டும். அவ டச்சுக்காரி மாதிரி நடந்துக்கறா. நீங்க நடந்துக்கறதில்லையே."

வாசலுக்கு வந்ததும் மார்லூஸ் ஹன்னெக்கின் முழங்கையைப் பிடித்து இழுத்தாள். "ஏண்டி, உனக்கு அறிவிருக்கா? ஆளில்லாத ரோட்டுல மழையில நிப்பியா? எங்க அத்தை கூட நிக்க மாட்டா. அவளுக்கு மூட்டு வலி."

"எனக்குப் பிடிச்சிருக்குடி."

"எது? மழையா?"

"சிவப்பு. அந்தக் கொஞ்ச நேரம் யாரும் என்னைச் சிரிக்கச் சொல்றதில்ல. 'ஹன்னெக், துள்ளு'ன்னு சொல்றதில்ல. சும்மா நிக்கலாம். காலையில எழுந்து ராத்திரி படுக்கிற வரைக்கும் எனக்குன்னு இருக்கறது அது ஒண்ணுதான்."

மார்லூஸ் பிடித்திருந்த முழங்கையை விட்டாள்.

அன்று மாலை ஹன்னெக் நெதர்லாந்தின் டெவென்டரில் இருக்கும் அம்மாவுக்குத் தொலைபேசினாள். ஜெர்மனியே தலையில் வைத்துக் கொண்டாடும் லிமோனெட்டாவை, எல்லைக்கு அந்தப் பக்கம், பிறந்த மண்ணில், ஒரு நாய் கூட சட்டை செய்யவில்லை என்பதை இங்கே வருத்தத்துடன் பதிவு செய்ய வேண்டியிருக்கிறது. ரசனையில்லாத மண்.

"அம்மா, என் பேரு பத்திரிகையில வந்திருக்கு."

"அப்படியா? யாரையாவது அடிச்சியா?"

"இல்லம்மா. ரோட்டுல நின்னேன். இயல்பா இல்லேன்னு சொல்றாங்க. அவங்க சொல்ற மாதிரி இயல்பா இல்லேன்னா வேலை போயிடும்."

"இயல்பா இருக்கறதுக்குமா சொல்லித் தர்றாங்க? நம்ம ஊருல என்ன சொல்லுவோம்? சும்மா சாதாரணமா இருடி, அதுவே போதுமான பைத்தியக்காரத்தனம். பட்டாணி சூப் வச்சிருக்கேன். வர்றியா?"

"வேலை இருக்கும்மா."

"சரி. இந்த வாரம் முழுக்க அதேதான் இருக்கும். நிறைய வச்சுட்டேன்."

சனிக்கிழமைக்கான ஏற்பாடுகள் இயல்புத் துறையின் வரலாற்றில் பொன்னெழுத்துகளால் பொறிக்கத் தக்கவை. 'தன்னிச்சையாகச் சாலையைக் கடத்தல்' என்ற இனத்தின் கீழ் மாநகராட்சியிடம் அனுமதி பெறப்பட்டது. காப்பீடு எடுக்கப்பட்டது. கடக்கும்போது கவலையில்லாமல் இருப்பதற்கு இரண்டு நாள் ஒத்திகை நடந்தது. காவல்துறையிலிருந்து ஆய்வாளர் டீட்ஸ் வந்து, பாதுகாப்புக் கருதி இரு பக்கமும் போக்குவரத்தை நிறுத்தித் தருவதாகச் சொன்னார். எதிர்ப்பக்க நடைபாதையையும் காலி செய்துவிடுவாராம்.

"ரொம்ப நன்றி," என்றார் ஹெர் பெல்ட்மான்.

"ஒரு விஷயம். போக்குவரத்தை நிறுத்தினா அங்க இருக்கிற விளக்கை அணைச்சிடணும். அது விதி."

"விளக்கை அணைச்சா அவங்க எந்தச் சிவப்பைக் கடப்பாங்க?"

"அது உங்க பாடு. வேணும்னா நீங்களே ஒரு விளக்கு கொண்டு வந்து நட்டுக்குங்க. ஆனா எங்க அனுமதியோட நட்டீங்கன்னா அதுவும் சட்டப்படி விளக்குதான். அதையும் மதிக்கணும்."

"மதிக்காம இருப்போமா!" என்றார் ஹெர் பெல்ட்மான், மனம் புண்பட்டு.

அப்படியே மேடைப் பொருள் பிரிவுக்கு ஆணை போயிற்று: சிவப்பு விளக்கு ஒன்று தேவை. அவர்கள் தேர்ந்த கைவினைஞர்கள். அட்டையை வெட்டி, வண்ணம் பூசி, உள்ளே பல்பு பொருத்தி, அசலே வெட்கப்படும்படி ஒரு சிவப்பு விளக்கு செய்து தந்தார்கள். பச்சை யாரும் கேட்கவில்லை. கேட்காததைச் செய்து தருகிற வழக்கம் அந்தப் பிரிவில் கிடையாது.

சனிக்கிழமை வந்தது. நடைபாதையில் ரசிகர்கள் நெருக்கியடித்து, ஆனால் வரிசையாக, நின்றார்கள். கேமராக்கள் ஒரு பக்கம், ஒலிபெருக்கி ஒரு பக்கம், ஹெர் பெல்ட்மானும் ஃப்ராவ் லூடர்ஸும் முன்வரிசையில். மார்லூஸும் யோக்கும் மஞ்சள் பாவாடையில் இடமும் வலமும். எதிர்ப்பக்கம் வெறிச்சென்று கிடந்தது. பாட்டைப் போட்டார்கள். ஜனங்கள் கைதட்ட ஆரம்பித்தார்கள். விளக்கைப் போட்டார்கள். சிவப்பு.

ஹன்னெக் பழக்கதோஷத்தில் நின்றாள்.

"போங்க!" என்று பல்லைக் கடித்தார் ஹெர் பெல்ட்மான். "சிரிச்சுக்கிட்டே போங்க!"

அவள் தெருவில் காலை வைத்தாள். கூட்டம் ஆர்ப்பரித்தது. பாதித் தெருவில், ஒத்திகைப்படி, ஒரு துள்ளல். கூட்டம் கண்ணீர் விட்டது. அந்த ஆனந்தத்துக்கு நடுவே, கையெழுத்துப் படம் வாங்குவதற்காக விடியற்காலையிலிருந்து காத்திருந்த ஒரு தாய்க்குத் தன்னையறியாமல் வாயில் வந்துவிட்டது:

"சிவப்புல போறாளே! குழந்தைங்க பாக்குதுங்கள்ல!"

"அதானே!" என்று இன்னும் நாலு பேர் சேர்ந்துகொண்டார்கள். கைதட்டிக்கொண்டேதான்.

ஹன்னெக் எதிர்ப்பக்க நடைபாதையில் ஏறினாள். திரும்பிப் பார்த்தாள். அவள் பக்கம் ஒருவரும் இல்லை. சிரிக்கச் சொல்ல ஆளில்லை. துள்ளச் சொல்ல ஆளில்லை. விளக்கு சிவப்பாக எரிந்துகொண்டிருந்தது. அவள் சும்மா நின்றாள். எட்டு வருஷத்தில் இவ்வளவு நீளமான சிவப்பு அவளுக்கு வாய்த்ததில்லை.

பாட்டு முடிந்தது.

"அருமை ஹன்னெக்! திரும்பி வாங்க! அடுத்த பாட்டு!" என்று கத்தினார் ஹெர் பெல்ட்மான்.

"எப்படி வர்றது, ஹெர் பெல்ட்மான்? சிவப்பு எரியுதே."

"அது அட்டை விளக்கும்மா!"

"அனுமதி வாங்கி நட்டது," என்று திருத்தினார் ஆய்வாளர் டீட்ஸ்.

ஹெர் பெல்ட்மான் தெருவில் ஒரு காலை வைத்தார். பின்னாலிருந்து அந்தத் தாயின் குரல் கேட்டது. காலை எடுத்துக்கொண்டார். "பச்சையைப் போடுங்கய்யா!" என்று அலறினார். மேடைப் பொருள் பிரிவு தலையைச் சொறிந்தது. அணைக்கலாமா என்றால், அனுமதியில் குறித்த நேரம் முடியும்வரை எரிந்தாக வேண்டும் என்றார் ஆய்வாளர்.

ஹன்னெக் மஞ்சள் பாவாடையை ஒரு உதறு உதறிக்கொண்டாள். ரயில் நிலையம் அந்தப் பக்கம்தான்.

"எங்கடி போற?" என்று கத்தினாள் மார்லூஸ்.

"சூப் ஆறிடும்!"

"போடி! போயித் தொலை!" என்றாள் மார்லூஸ். அவள் கண்ணும் கலங்கியிருந்தது; அது ஒத்திகையில் இல்லாதது. யோக் சிரித்தாள்.

ஹன்னெக் போனாள். துள்ளாமல், சிரிக்காமல், சாதாரணமாக நடந்து தெருக்கோடியில் திரும்பி மறைந்தாள். சுதந்திரத்தை இவ்வளவு மனமார நேசிக்கும் ஜனங்களை வேறெங்கும் காண முடியாது: கண்ணில் நீர் மல்க, தாளம் தப்பாமல் தப்பாகக் கைதட்டி, அந்தச் சுதந்திரம் தெருமுனை திரும்பும் வரை இந்தப் பக்கமே நின்று பார்த்தார்கள். இடையில் ஒரு வண்டி இல்லை. அவர்களைத் தடுத்து நிறுத்தியிருந்தது, அட்டையில் வெட்டி, சாயம் பூசி, அவர்களே கேட்டு வாங்கி நட்டு வைத்த விளக்கு.