டிக்டிக் அங்கிளின் கணக்கு சரிதான்

உலகத்தில் மனிதர்களைத் தலைகளாக மட்டுமே பார்க்கத் தெரிந்த ஒரே மனிதர் எங்கள் தம்போய் பேட்டையின் டிக்டிக் அங்கிள்தான். கறுப்பு, சிவப்பு, கிழவி, குமரி எதுவும் அவர் கண்ணுக்குத் தெரியாது. கழுத்துக்கு மேல் ஏதாவது ஒன்று இருந்தால் போதும், கட்டைவிரல் தானாக அசையும். டிக்.

அவருடைய நிஜப் பெயரை ஞானஸ்நானம் கொடுத்த சாமியாரே மறந்திருப்பார். பாசிர் கூடாங்கில் ஒரு தொழிற்சாலையின் ஷிப்ட் பஸ்களுக்கு அவர்தான் பொறுப்பு. பஸ் வாசலில் நின்றுகொண்டு, உள்ளங்கைக்குள் அடங்குகிற ஓர் எண்ணும் கருவியைத் தலைக்கு ஓர் அமுக்கு அமுக்குவார். எண்ணிக்கை சரியாக வந்ததும் "ஃபுல்! ஜாலான்!" என்று கிளம்பச் சொல்லி பஸ்ஸின் விலாவில் இரண்டு தட்டு. ஓய்வு பெற்ற அன்று கம்பெனி அவருக்கு ஒரு சுவர்க் கடிகாரம் கொடுத்தது. அதை மேசையிலேயே வைத்துவிட்டு, அந்தக் கருவியைக் கேட்டு வாங்கிக்கொண்டு வந்தார்.

அதற்குப் பிறகு எங்கள் பேட்டையில் யாரும் எண்ணப்படாமல் எங்கும் போக முடியவில்லை. கல்யாணத்தில் எண்ணினார், பூசையில் எண்ணினார். ஒரு துக்க வீட்டில் கேட்டருகே நின்று எண்ணிவிட்டு, அழுதுகொண்டிருந்த மகனிடம் போய், "தம்பி, மனச தேத்திக்க. அப்பாவுக்கு இருநூத்துக்கு மேல வந்திருக்கு. எங்க அப்பாவுக்கே அவ்ளோ வரல" என்றார். மகன் அழுகையை நிறுத்தி, "வேன் டிரைவர சேத்தா அங்கிள்?" என்று கேட்டான்.

அவரும் மனைவி ரோஸி ஆன்ட்டியும் மட்டும் காரில் மார்க்கெட்டுக்குப் போனாலும் இதே கதைதான். டிக், டிக், ஃபுல். ஆன்ட்டி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வார். பேச்சுக்கு அவரிடமிருந்து கிடைப்பதெல்லாம் ஒரு "ம்" மட்டும்தான்.

இப்படிப்பட்டவரிடம் எங்கள் சர்ச் ஆண்டுச் சுற்றுலாவை ஒப்படைத்தது. ஒழுங்கு என்றால் அப்படியொரு ஒழுங்கு. "பஸ்ஸு யாருக்கும் காத்திருக்காது" என்பது அவருடைய பதினோராவது கட்டளை. மலாக்காவுக்குப் போன வருஷம், மறைக்கல்வி சொல்லித் தரும் பெர்னார்ட், வழியில் யோங் பெங் ஊரில் மீன் உருண்டை போட்ட மீ நூடுல்ஸ் பொட்டலம் கட்டிக்கொண்டிருந்தபோது பஸ் கிளம்பிவிட்டது. பெர்னார்ட் டாக்சி பிடித்து, ஆறிப்போன மீயை மடியில் வைத்துக்கொண்டு மலாக்கா வந்து இறங்கினார். அங்கிள் ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்கவில்லை. டிக் என்று அமுக்கிவிட்டு, "ஆ, இப்ப சரி" என்றார்.

பங்கோர் தீவுக்கு நாங்கள் நாற்பது பேர் கிளம்பினோம். நான் போனது சரித்திரம் பார்க்க இல்லை. மூன்று நாள் யாருக்கும் சமைக்க வேண்டாம் என்பதுதான் என் வரையில் அந்தத் தீவின் பெருமை. ஆனால் அங்கிள் விடவில்லை. விடிந்தும் விடியாமலும் மைக்கைப் பிடித்துவிட்டார்.

"பங்கோர்ல டச்சுக்காரன் ஈயத்துக்காக ஒரு கோட்டை கட்டினான். உள்ள எத்தன சிப்பாய் இருந்தான்? யாருக்கும் சரியா தெரியல. கணக்கு வெக்காத பயலுங்க. அதான் கோட்டை போச்சு!"

பஸ்ஸில் ஏர்கான் வேறு உயிரை வாங்கியது. எல்லோரும் துண்டு, சால்வை, ஒரு புண்ணியவதி மேசை விரிப்பு என்று தலையோடு போர்த்திக்கொண்டு மூட்டை மூட்டையாக உட்கார்ந்திருந்தோம். அங்கிளுக்கு அது ஒரு பொருட்டே இல்லை. மூட்டைக்கும் தலை உண்டு.

தாப்பா பக்கத்தில் நெடுஞ்சாலை ஓய்விடத்தில் நிறுத்தியபோது பேய் மழை. பக்கத்திலேயே இன்னொரு வெள்ளை பஸ். அதே உயரம், அதே ஊதா திரைச்சீலை. சாப்பிட்டவர்கள் தலையில் கிடைத்ததைப் போட்டுக்கொண்டு ஓடி வந்து ஏறினோம். அங்கிள் படிக்கட்டில் நனைந்தபடி டிக் டிக் என்று அமுக்கினார். நாற்பது. "ஃபுல்! ஜாலான்!"

முன் சீட்டு எப்போதும் ரோஸி ஆன்ட்டிக்கு. நான் அவருக்குப் பின்னால். சால்வை மூடிய தலை ஒன்று ஜன்னலில் சாய்ந்திருந்தது. ஓட்டுநருக்குப் பக்கத்தில் நின்றபடியே அங்கிள் பிளாஸ்கைத் திறந்து, கையை மட்டும் பின்னால் நீட்டி, "இந்தா, காப்பி" என்றார். சால்வைக்குள்ளிருந்து ஒரு கை வந்து வாங்கிக்கொண்டது. பிறகு அவர் பாட்டுக்குழுவைப் பற்றிக் குறை சொன்னார், மகன் சிங்கப்பூரிலிருந்து போன் பண்ணாததைச் சொன்னார், இடது முழங்கால் வலியைச் சொன்னார். எல்லாவற்றுக்கும் சால்வை "ம்" என்றது. அடடா, இந்த வயதிலும் எவ்வளவு பேசிக்கொள்கிறார்கள் என்று நான்கூட நெகிழ்ந்துபோனேன்.

லுமுட் படகுத்துறையில் பஸ் நின்றது. அங்கிள் இறங்கி வாசலில் நின்று கட்டைவிரலைத் தயார் பண்ணினார். சால்வை விலகியது. மூக்குத்தியும் தங்கப்பல்லுமாக ஒரு அம்மாள், எங்கள் ரோஸி ஆன்ட்டியை விட இரண்டு மடங்கு அகலம், படகுகளைப் பார்த்துத் திகைத்தார்.

"யா அல்லா! கல்யாண மண்டபம் எங்க தம்பி? இது என்ன கடலு?"

அங்கிள் கருவியைப் பார்த்தார். அதில் நாற்பது இருந்தது. அந்த அம்மாளைப் பார்த்தார். மறுபடியும் கருவியைப் பார்த்தார்.

"கணக்கு சரியாத்தான இருக்கு" என்றார், அழுகிற குரலில்.

அந்த அம்மாள் பெயர் மைமூன் பீவி. உலு திராமில் சாப்பாட்டுக் கடை நடத்துகிறவர். ஈப்போவில் சொந்தக்காரர் வீட்டு நிக்காஹ்வுக்குக் குடும்பத்தோடு பஸ்ஸில் வந்திருக்கிறார். மழையில் பஸ் மாறிவிட்டது. "இவரு ஏதோ பேசிக்கிட்டே வந்தாரு. டிரைவரோட ஆளு போல, பாவம் மனசுல பாரம்னு நானும் 'ம்' கொட்டிக்கிட்டே வந்தேன். காப்பி நல்லா இருந்துச்சு. சீனிதான் கம்மி."

"அப்ப ரோஸி ஆன்ட்டி?" என்றேன் நான்.

அவருடைய கைப்பை சீட்டுக் கொக்கியில் தொங்கியது. போன் அதற்குள். மைமூன் அம்மாளின் போனோ அவர் மகளின் பையில். மகள் நம்பர் அவருக்குத் தெரியவில்லை. கடை நம்பர் மட்டும் பெயர்ப்பலகையில் தினமும் பார்ப்பதால் மனப்பாடம். கடைக்குப் பேசி, மகள் நம்பர் வாங்கி, மகளைப் பிடித்தோம். அவர்கள், அம்மா தங்கள் அண்ணன் காரில் வருவதாக நினைத்துக்கொண்டிருந்தார்களாம். "ஆமா, உங்க ஆன்ட்டி இங்கதான் இருக்காங்க. குடுக்குறேன்" என்றாள். அங்கிள் போனை வாங்கினார். அவசரத்தில் கட்டைவிரல் ஸ்பீக்கரை அமுக்கிவிட்டது.

"என்னங்க" என்றார் ரோஸி ஆன்ட்டி, மிக அமைதியாக. "நான் இல்லன்னு உங்களுக்கு எப்ப தெரிஞ்சுச்சு?"

அங்கிள் போனைத் துண்டித்துவிட்டார். "லைன் இல்ல" என்றார் எங்களிடம்.

மகளே மறுபடியும் கூப்பிட்டாள். எனக்குத்தான் விஷயத்தைச் சொன்னாள். ஆன்ட்டிக்குப் பஸ் மாறியது தாப்பா தாண்டியதுமே தெரிந்துவிட்டதாம். போன் பண்ணலாம் என்று இவர்கள் சொன்னதற்கு, "பொறுங்கம்மா, என் வீட்டுக்காரரே கண்டுபிடிச்சி எப்படியாவது கூப்பிடுவாரு" என்றாராம். அரைமணி நேரம் போனதும் பஸ்ஸில் எல்லோருக்கும் தர்மசங்கடமாகி, அவரைத் தேற்றுவதற்குப் பெண்கள் கையில் மருதாணி வைத்துவிட்டார்களாம். இப்போது கார் அனுப்புகிறார்கள். ஆன்ட்டியை இறக்கிவிட்டு மைமூன் அம்மாளை ஏற்றிக்கொண்டு போகும். "ஆனா படகுல ஏறமாட்டேன்னு சொல்றாங்க அக்கா. உங்க அங்கிள் பதில் சொன்னாத்தான் தீவுக்கு வருவாங்களாம். இல்லன்னா அப்படியே பஸ் ஏறி தம்போய்க்குப் போயிடுவேன்னு சொல்றாங்க."

அங்கிளிடம் சொன்னேன். மனிதர் படகுத்துறைப் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார்.

இந்தச் சமயம் பார்த்துத்தானா பெர்னார்ட் முன்னால் வரவேண்டும்? தொண்டையைச் செருமிக்கொண்டு, "அங்கிள், ஃபெரி நிக்குது. பஸ்ஸு யாருக்கும் காத்திருக்காதுன்னு நீங்கதான்..." என்றார். யோங் பெங் மீ அவர் மனதில் இன்னும் ஆறவில்லை.

"நீங்கல்லாம் போங்க. நான் இருக்கேன்" என்றார் அங்கிள். எங்களில் ஒருவர்கூட நகரவில்லை. அன்பு என்று சொல்லிக்கொள்ள ஆசைதான். உண்மையில், இந்தக் காட்சியை விட்டுவிட்டு டச்சுக்கோட்டையைப் பார்க்கப் போக எங்களுக்கென்ன பைத்தியமா?

கொஞ்ச நேரத்தில் அங்கிள் எழுந்தார். திட்டம் தயார். "எல்லாரும் கேளுங்க. தாப்பா தாண்டி அஞ்சே நிமிஷத்துல நான் கண்டுபிடிச்சிட்டேன். 'ஐயோ ரோஸ்'னு கத்தினேன். டிரைவர்தான் ஹைவேல திரும்ப முடியாதுன்னுட்டாரு. சரியா?"

டிரைவர் பாக் மாட் என்பவருக்கு யாரோ மலாயில் விளக்கினார்கள். "அலமாக்!" என்று தலையில் அடித்துக்கொண்டு அவர் பஸ்ஸுக்கு அந்தப் பக்கம் போய்விட்டார். மைமூன் அம்மாள், "இன்னிக்கு நிக்காஹ் வீட்டுக்குப் போறவ நான். பொய்யெல்லாம் சொல்லமாட்டேன்" என்று முக்காட்டை இழுத்துக்கொண்டார். எங்களுக்கு அந்தச் சங்கடம் இல்லை. ஊருக்குப் போனதும் பாவசங்கீர்த்தனம் செய்துகொள்ளலாம். மறைக்கல்வி பெர்னார்டே பொறுப்பேற்று, வரிசையாக நிற்கவைத்து ஒத்திகை நடத்தினார். "ஐயோ ரோஸ்" என்று கத்துகிற இடத்தில் நானும் சேர்ந்து கத்திக் காட்டினேன்.

கார் வந்தது. ரோஸி ஆன்ட்டி இறங்கினார். இரண்டு கையிலும் முழங்கை வரை இன்னும் கழுவாத மருதாணி. கைகளை முன்னால் நீட்டியபடி, எதையும் தொடாமல் நடந்து வந்தார். தலையில் மல்லிகைப் பூ. அவ்வளவு அழகாக அவரை நான் பார்த்ததே இல்லை.

நேராக அங்கிள் முன்னால் வந்து நின்றார். "எப்ப தெரிஞ்சுச்சு?"

பெர்னார்ட் வாயைத் திறந்தார். "ஆன்ட்டி, தாப்பா தாண்டி அஞ்சே..."

"பெர்னார்ட், சும்மா இருலா" என்றார் அங்கிள். தலையைக் குனிந்துகொண்டார். "எனக்குத் தெரியல ரோஸ். இந்தம்மா எந்திரிச்ச பிறகுதான் தெரிஞ்சுச்சு. கணக்கு சரியா இருந்துச்சு."

"காப்பி?"

"குடுத்தேன்." மைமூன் அம்மாளைக் காட்டினார்.

"முழங்கால் வலி?"

"அதையும் சொன்னேன். 'ம்' னாங்க."

ஆன்ட்டி தன் மருதாணிக் கைகளைப் பார்த்துக்கொண்டார். "அந்த பஸ்ஸுல ஏறினதும் பக்கத்துல இருந்த பொண்ணு என்னைய எண்ணலங்க. 'உங்க பேரு என்ன ஆன்ட்டி'ன்னு கேட்டுச்சு. யாராவது என் பேர கேட்டு எத்தன வருஷமாச்சு தெரியுமா?"

எங்கள் நாற்பது பேரில் மூக்கைச் சிந்தாதவர்கள் குறைவு. நான் கடலைப் பார்த்துக்கொண்டேன். அங்கிள் மெல்ல, "அவங்க ரெண்டு தடவ 'அப்புறம்?'னு கேட்டாங்க ரோஸ்" என்றார். "அப்பவே எனக்கு சந்தேகம் வந்திருக்கணும். நீ ஒரு நாளும் 'அப்புறம்'னு கேட்டதில்லையே."

முதலில் சிரித்தவர் மைமூன் அம்மாள். தங்கப்பல் தெரிய, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். ரோஸி ஆன்ட்டி அடக்கிப் பார்த்தார், முடியவில்லை. சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது. மருதாணிக் கையால் கண்ணைத் துடைக்கவும் முடியாமல் நின்றார். அங்கிள்தான் தன் சட்டைக் கையால் துடைத்துவிட்டார். எங்கள் கண்ணெதிரே, பட்டப்பகலில், படகுத்துறையில். எங்கள் பேட்டையில் இதுவரை நடந்திராத காரியம்.

"கேட்டதில்லதான். இப்ப கேக்கறேன்" என்றார் ஆன்ட்டி. "அப்புறம்?"

"அப்புறம் என்ன, தீவுக்குப் போலாம்."

"என் பையைப் புடிங்க. கையில மருதாணி."

மைமூன் அம்மாள் காரில் ஏறுமுன் ரோஸி ஆன்ட்டியைக் கட்டிக்கொண்டார். அடுத்த முறை காப்பியில் சீனி கொஞ்சம் தாராளமாகப் போடச் சொல்லிவிட்டுப் போனார்.

ஃபெரியில் நல்ல காற்று. ஆன்ட்டியின் முடி முகத்தில் விழுந்துகொண்டே இருந்தது. அங்கிள் ஒரு கையில் கைப்பையை அணைத்துக்கொண்டு மறு கையால் அதை ஒதுக்கிக்கொண்டே வந்தார். பாட்டுக்குழு, மகன், முழங்கால் எதையும் அவர் பேசவில்லை. ஆன்ட்டிதான் பேசினார். கல்யாண பஸ்ஸில் யார் என்ன பாடினார்கள், என்ன அத்தர் வாசனை என்று ஒன்றுவிடாமல் சொன்னார். அவர் "அப்புறம்? அப்புறம்?" என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

தீவு நெருங்கியபோதுதான் எங்களுக்கு உறைத்தது, எங்களை யாரும் எண்ணவில்லை என்று. பெர்னார்ட் இந்தக் கோடியிலிருந்தும் நான் அந்தக் கோடியிலிருந்தும் ஒவ்வொருவர் முகமாகப் பார்த்துக்கொண்டு வந்தோம். எல்லோரும் இருந்தார்கள். நான்தான் போய், "எல்லாரும் இருக்கோம் அங்கிள்" என்றேன்.

அவர் ஆன்ட்டியின் முகத்தை விட்டுத் திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்காமல் இருப்பதே நல்லது என்றுதான் எனக்கும் பட்டது.