ஓக்லஹோமாவுக்குக் கல்யாணம்

"மாப்பிள்ளை வந்தாச்சு. பொண்ணு எங்கேய்யா?" மேயர் டாபின் மேடையில் நின்று கத்தினார்.

மாப்பிள்ளை வேஷத்தில் இருந்தவர் முடிதிருத்தும் ஹார்லி பிட்மன். இரவல் கோட்டு கிழிந்துவிடுமோ என்று மூச்சு விடவே பயந்தார்.

அன்று 1907 நவம்பர் பதினாறு. ஓக்லஹோமா பிரதேசமும் அதன் கிழக்கே இருந்த பூர்வகுடிகளின் பிரதேசமும் சேர்ந்து அமெரிக்காவின் புது மாநிலமாகும் நாள். ஜனாதிபதி கையெழுத்துப் போட்டதாகத் தந்தி வந்துவிட்டது. இரண்டுக்கும் எல்லை, ஊர் நடுவே ஓடிய ரயில் பாதை. அதை ஒட்டி மேடை போட்டு, மேயர் ஒரு பொய்க் கல்யாணம் ஏற்பாடு செய்திருந்தார். மேற்கு மாப்பிள்ளை, கிழக்குப் பெண்.

"மேயரய்யா, பொண்ணா நிக்க வேண்டிய உங்க அக்கா மகளுக்குப் பல்வலியாம். கன்னம் வீங்கிடுச்சாம்," என்று யாரோ சொன்னார்கள்.

"கிழக்குப் பக்கத்துலேருந்தே யாரையாவது கூப்பிடுங்களேன்," என்றார் ஹார்லி.

"நான் நிக்கிறேன்," என்று மேடையேறினாள் லெவைனா கெம்ப்.

ஹார்லிக்குக் காது சூடானது. லெவைனா, கிழக்கே மளிகைக்கடை வைத்திருந்த சிக்கசா என்ற பூர்வகுடி இனத்து அய்சக் கெம்பின் மகள். அவளைப் பார்ப்பதற்காகவே அந்தக் கடைக்குப் போய்ப் போய், ஊர் தாடியையெல்லாம் ஆயுசுக்கும் மழித்தாலும் தீராத சோப்பை ஹார்லி வாங்கிக் குவித்திருந்தார். பேச்சு மட்டும் "ஒரு சோப்பு" என்பதைத் தாண்டவில்லை.

கூட்டத்திலிருந்து அய்சக் குரல் கொடுத்தார். "எங்களுக்குன்னு தனி மாநிலம் கேட்டோம். வாஷிங்டன்ல காதுலயே போட்டுக்கலை. இப்ப கல்யாணமாம்! பொண்ணு வீட்டை ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

பாண்டு வாத்தியம் நின்றது. நிலைமையைச் சமாளிக்க ஹார்லி தொப்பியைக் கழற்றினார்.

"நான் கேட்கிறேன் ஐயா. உங்க பொண்ணை எனக்குத் தருவீங்களா?"

அய்சக் அவரை மேலும் கீழும் பார்த்தார். "மேற்குப் பக்கத்துல மரியாதை தெரிஞ்ச ஒருத்தனாவது இருக்கானே. சரி, தந்தேன்."

அடுத்த சிக்கல், பாதிரியார் வேஷக்காரர். அவர் சாராயக்கடை முதலாளி. புது மாநிலத்தில் மதுவிலக்கு என்பதால், மிச்சச் சரக்கை வீணாக்க மனசில்லாமல் குடித்துத் தீர்த்துவிட்டு மேஜைக்கடியில் கிடந்தார்.

ஹார்லி ஓடிப்போய்க் கூட்டத்தில் இருந்த நிஜப் பாதிரியார் ஹென்ஸ்லியையே இழுத்து வந்தார்.

"விளையாட்டுக்கெல்லாம் நான் கல்யாணம் பண்ணி வைக்க மாட்டேன், தம்பி."

"நிஜமாவே பண்ணி வைங்க சாமி! வெயில்ல ஜனம் காயுது," என்று மேயர் சிடுசிடுத்தார்.

பாதிரியார் பைபிளைத் திறந்தார். "இவளை மனப்பூர்வமா ஏத்துக்கிறியா?"

ஹார்லி நாடகத்தை மறந்தார். "ஏத்துக்கிறேன்!" என்று அவர் போட்ட சத்தத்தில் கோட்டு முதுகில் கிழிந்தது.

லெவைனாவும் சொன்னாள். ஊரே ஆரவாரித்தது.

பாதிரியார் கைகுலுக்கினார். "சந்தோஷமா இருங்க. சட்டப்படி இனி நீங்க புருஷன் பொண்டாட்டி."

ஹார்லிக்கு முகம் வெளுத்தது. "நிஜமாவா? ஐயோ லெவைனா, சத்தியமா எனக்குத் தெரியாது! உங்களை ஏமாத்தணும்னு நினைக்கலை." பாதிரியாரின் கையைப் பிடித்துக்கொண்டார். "சாமி, பாவம் அந்தப் பொண்ணு. இதை எப்படியாவது ரத்து பண்ணிடுங்க!"

பாதிரியார் விழித்தார். "ரத்தா? எது எப்படிப் போனாலும் இன்னிக்கு நான் இங்க இருந்தே ஆகணும்னு போன வாரமே வந்து சொல்லிட்டுப் போனது இந்தப் பொண்ணுதானேப்பா!"