பெஞ்சுக்கு வந்த புற்றுநோய்

நாயின் எலும்புப் புற்றுநோய்க்கு உலகம் முழுக்க விஞ்ஞானிகள் புது மருந்து தேடிக்கொண்டிருக்கிறார்கள். பாவம், முகவரி தெரியாமல் தேடுகிறார்கள். கேரள எல்லையோரத்து உதியன்குளங்கரையில் இறங்கி எந்த ஆட்டோக்காரரிடமாவது “நாய் ஆசான் வீடு” என்று சொல்லியிருந்தால் வாசலிலேயே கொண்டு விட்டிருப்பார்.

ஆசானின் பெயர் சுவாமிதாஸ். எங்கள் பக்கத்தில் வர்ம ஆசான்கள் உண்டு. கை சுளுக்கினாலும் கால் பிசகினாலும் ஜனம் முதலில் அவர்களிடம்தான் ஓடும். அந்த மரியாதையை அப்படியே எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டவர் இவர். போன வருஷம்வரை காட்டாக்கடையில் ஒரு மருந்துக் கடையில் மாத்திரை எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். வேலையை விட்டார். காவி வேட்டி ஒன்றும் மூக்கு வைத்த பித்தளைக் கிண்டி ஒன்றும் வாங்கினார். ஆசான் ஆகிவிட்டார். கல்லூரிப் படிப்பெல்லாம் எதற்கு என்று இப்போது புரிகிறதா?

விடிந்தால் வாசலில் கூட்டம். லாப்ரடார், அல்சேஷன், ராட்வைலர், எந்த ஜாதி என்று சொல்ல முடியாத சில. நாய்களாவது அமைதியாக இருக்கும். வரிசைக்குச் சண்டை போடுவது மனிதர்கள்தான். பக்கத்து வீட்டு விலாசினி மரச்சீனி, அதாவது மரவள்ளிக் கிழங்கு, அவித்து, மீன்கறி வைத்து, வரிசையில் நிற்பவர்களுக்கு விற்றாள். ஆசான்மேல் அவளுக்கு அபார பக்தி. வியாபாரம் நடந்தால் வராதா பின்னே?

சிகிச்சை எளிது. வீங்கிய காலை ஆசான் கிண்டியில் இருக்கும் ‘தீர்த்தம்’ விட்டுக் கழுவுவார். பால் விடாத கட்டஞ்சாயா நிறத்தில் இருக்கும் அது. மேலே வெள்ளையாக ஒரு பற்று. பிறகு கண்ணை மூடி என்னவோ முணுமுணுப்பார். அவர் கண்ணைத் திறப்பதற்குள் வெள்ளைப் பற்று நீலமாகி, நீலம் கறுத்து, கரிச்சட்டிபோல் ஆகிவிடும்.

“கண்டியளா, புற்று இறங்கியாச்சு” என்பார்.

இந்துக்கள் கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள். கத்தோலிக்கர்கள் சிலுவை போட்டுக்கொள்வார்கள். ஏமாறுவதில் மட்டும் எங்கள் ஊரில் மத பேதமே கிடையாது. கடைசியில் கருப்பட்டித் துண்டுக்குள் ஒரு ‘குளிகை’ வைத்து நாய்க்குக் கொடுப்பார். நொண்டிக்கொண்டு வந்த நாய் மறுநாள் ஜம்மென்று நடக்கும். போதாதா?

காஞ்சிரங்குளத்துக் கடற்கரைப் பக்கமிருந்து குளோரியும் வந்தாள். பிள்ளை இல்லாத வீடு. புருஷன் பயஸ் கடலுக்குப் போய்விட்டால் அவளுக்குப் பேச்சுத்துணை கைசர் என்ற ராட்வைலர்தான். அதன் முன்னங்காலில் கட்டி. எக்ஸ்ரே எடுத்த கால்நடை மருத்துவர் நீது மழுப்பாமல் சொல்லிவிட்டாள்.

“எலும்புல கேன்சராக்கும், சேச்சி. காலை எடுக்கணும். நெஞ்சுக்கு இன்னும் பரவல்ல. பரவிட்டுன்னா பின்ன ஒண்ணும் செய்ய ஒக்காது.”

“காலை எடுத்தா சொகமாவுமா?”

“கொஞ்ச காலம் கூடக் கிட்டும். ஊசி மருந்து உண்டு. கால்நடைக் கல்லூரியில ஒரு புது மருந்தும் சோதிச்சுப் பாக்குறாவ. கைசரை அதுல சேக்கலாம்.”

“அந்தப் புது மருந்து பலிக்குமா டாக்டரே?”

“தெரியாது. தெரியாததுனாலதான் சோதிக்குறாவ.”

இந்தத் ‘தெரியாது’தான் குளோரியை ஆசான் வாசலுக்குத் துரத்தியது. அத்தனை வருஷம் படித்துவிட்டுத் தெரியாது என்பவள் எங்கே, எதையும் படிக்காமல் எல்லாம் தெரிந்த ஆசான் எங்கே?

“கத்தி தொடப்பிடாது. மூணு பற்றுல சொகம்” என்றார் ஆசான். இரண்டு பற்று ஆனதும் கைசர் முற்றத்தில் காக்கையைத் துரத்தியது. குளோரி சந்தோஷத்தில் அழுதுவிட்டு, ஆபரேஷன் வேண்டாம் என்று டாக்டருக்கு போன் செய்தாள்.

நீது கோபப்படவில்லை. பயந்தாள். அரித்துப்போன எலும்பை வைத்துக்கொண்டு நாய் ஓடுகிறது என்றால், எந்த நேரமும் அது முறியும். நோய் நெஞ்சுக்கு ஏற எத்தனை நாள் பிடிக்கும் என்றும் தெரியாது. மூன்றாவது பற்றுக்கு அவளே கிளம்பி வந்து, குளோரியின் பக்கத்தில் நின்றாள்.

கைசர் காலில் பற்று கறுத்தது. கூட்டம் சிலிர்த்தது. நீது பக்கத்துப் பெஞ்சில் உட்கார்ந்து தன் காலை நீட்டினாள்.

“ஆசானே, எனக்கும் முட்டு வேதனை உண்டு. ஒரு பற்று போடுங்க.”

ஆசானுக்கு மறுக்க வழியில்லை. நூறு கண்கள் பார்க்கின்றன. கழுவினார், பூசினார். கறுத்தது. ஒரு நிமிஷம் யோசித்தார்.

“உனக்கும் புற்று உண்டு மோளே. நல்ல சமயத்துல வந்தே.”

கூட்டத்தில் இரண்டு பெண்கள் நீதுவுக்காகக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். நீது எழுந்து, கிண்டியை எடுத்து, அவள் உட்கார்ந்திருந்த பெஞ்சின் காலில் தீர்த்தத்தை ஊற்றினாள். பற்றை அள்ளிப் பூசினாள். பெஞ்சின் காலும் கறுத்தது. எந்த ஸ்டேஜ் என்று கேட்கத்தான் ஆளில்லை.

இனி எல்லாருக்கும் புத்தி வந்துவிடும் என்று நினைக்கிறீர்களா? நல்ல ஆள் நீங்கள். ரிட்டயர்டு வாத்தியார் வேலாயுதன் தொண்டையைக் கனைத்துக்கொண்டு விளக்கம் கொடுத்தார்.

“நாய் படுத்த பெஞ்சாக்கும். நோவு பகர்ந்து ஒட்டியிருக்கும்.”

“அதாக்கும் காரியம்” என்று ஆசான் பிடித்துக்கொண்டார். கூட்டம் தலையாட்டியது. சிலர் பெஞ்சைவிட்டுத் தள்ளி நின்றார்கள்.

“செரி ஆசானே, இனி உங்க காலைக் காட்டுங்க” என்றாள் நீது.

ஆசான் காலை வேட்டிக்குள் இழுத்துக்கொண்டார். “ஆசான் மேல பற்று போடப்பிடாது. விதி உண்டு.”

விதி உண்டாம். அதற்கும் தலையாட்டினார்கள்.

நீது சுற்றிலும் பார்த்தாள். விலாசினியின் மேஜையில் அவித்த மரச்சீனி வெள்ளை வெளேரென்று ஆவி பறக்க இருந்தது. மிச்சத் தீர்த்தத்தை ஒரு தட்டுக் கிழங்கின்மேல் ஊற்றினாள். மரச்சீனி நீலமாகி, நீலம் கறுத்து, கைசரின் காலில் இருந்த அதே கறுப்பாகிவிட்டது.

“விலாசினிச் சேச்சி, உங்க மரச்சீனிக்கும் கேன்சர் உண்டு.”

விலாசினி கரண்டியைக் கீழே வைத்தாள். “எனக்க மரச்சீனிக்கா? இண்ணைக்குக் காலையில பிடுங்கின கெழங்காக்கும் அது. எலே சுவாமிதாசு, அந்த வெள்ளைப் பற்று என்னத்துல செஞ்சதுண்ணு இப்போ சொல்லு.”

அப்போதுதான் கூட்டத்தின் கை வயிற்றுக்குப் போனது. காலையில் அத்தனை பேரும் சாப்பிட்டது அந்தப் பானையிலிருந்துதான். நாயின் உயிர் போகும்போது வராத சந்தேகம், தன் வயிறு என்றதும் ஒரு நொடியில் வந்துவிட்டது.

“தீர்த்தம் எண்ணு சொல்லுறது புண்ணுல போடுற அயோடினாக்கும்” என்றாள் நீது. “பற்று மரச்சீனி மாவு. ரெண்டும் சேந்தா கறுக்கும். ஸ்கூல்ல எல்லாரும் படிச்சதுதான்.”

தினமும் தின்கிற கிழங்கை அடையாளம் தெரியாமல் கும்பிட்டிருக்கிறார்கள். வாத்தியார் வேலாயுதன் தன் செருப்பை மிகவும் கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“அப்போ கைசர் நொண்டாம நடக்குறது?” என்று கேட்டாள் குளோரி.

கைசருக்காக எடுத்து வைத்திருந்த கருப்பட்டித் துண்டை நீது உடைத்தாள். உள்ளே வெள்ளை மாத்திரை. கம்பெனி எழுத்துகூட அழியவில்லை. “வேதனைக்கு மனுசன் தின்னுற மாத்திரை. நாய்க்குக் குடுக்கவே பிடாது. வேதனை மறையும், கேன்சர் உள்ள இருந்து தின்னும்.”

எல்லாரும் திரும்பிப் பார்த்தபோது ஆசானைக் காணோம். பின்வாசல் வழியாகத் தமிழ்நாட்டை நோக்கி நடந்திருந்தார். எல்லையோரத்தில் குடியிருப்பதில் இப்படியும் ஒரு வசதி இருக்கிறது.

குளோரி கைசரின் கழுத்தைக் கட்டிக்கொண்டு தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். “நான் இதைக் கொல்லப் பாத்தேனே. இனி நேரம் உண்டா டாக்டரே?”

“தெரியாது சேச்சி. எக்ஸ்ரே எடுத்தாத்தான் தெரியும்.”

அதே பதில். ஆனால் இந்தத் தடவை அவள் முகம் திருப்பவில்லை. நடந்தால் கால் முறியும் என்று, அந்தக் கனத்த நாயை இரண்டு கையாலும் தூக்கி ஆட்டோவில் ஏற்றினாள்.

நெஞ்சு சுத்தமாக இருந்தது. காலை எடுத்தார்கள். மாத்திரையின் வேகம் உடம்பைவிட்டு இறங்கியபின், புது மருந்துச் சோதனையில் கைசரையும் சேர்த்துக்கொண்டார்கள். இப்போது அது மூன்று காலில் கடற்கரையில் பயஸுக்கு முன்னால் ஓடுகிறது. மருந்து பலிக்கிறதா என்று இன்னும் யாருக்கும் தெரியாது. தெரிந்ததும், எப்படி இருந்தாலும், ஒளிக்காமல் சொல்வார்கள்.

அன்றைய வரிசையில் நின்ற சிலர் நீதுவிடம் போனார்கள். “சொகமாவும்ணு உறுதி உண்டா?” என்று கேட்டார்கள். இல்லை என்றாள். பாதிப் பேர் அடுத்த ஆசானை விசாரித்துக்கொண்டே நடையைக் கட்டினார்கள்.

நாய்க்கு யோசிக்கத் தெரியாது. இழுத்த இடத்துக்கு வரும். அதற்காகத்தான் கயிற்றின் மறுமுனை மனிதன் கையில் இருக்கிறது. அந்த முனையிலும் யோசிக்க ஆளில்லை என்றால், ஐயா, கயிறு கட்டவேண்டியது யார் கழுத்தில்?