லீக்கு நாயனா குளியல் தட்டில் உட்கார்ந்த நாள்

காஞ்சிபுரத்தில் தண்ணீரே ஒருவரைக் கண்டு பயந்தது என்றால் அது லீக்கு நாயனாவைக் கண்டுதான். தாமல் ஏரி நிரம்பியபோது ஊரே வேடிக்கை பார்க்கப் போனது. இவர் மட்டும் கரையோரமாகவே நடந்து, "எங்கியாவது ஓட்ட விட்டிருப்பானுங்க" என்று குனிந்து தேடிக்கொண்டு போனாராம்.

அவருடைய நிஜப் பெயர் யாருக்கும் தெரியாது. செவிலிமேட்டுப் புது வீடுகளில் குளியலறை ஒழுகினால் அடைத்துக் கொடுப்பார். வீட்டில் தெலுங்கு பேசுவார்கள் என்பதால் ஊருக்கே நாயனா ஆனார். தொழில் முன்னால் போய் ஒட்டிக்கொண்டது. பெரிய உடம்பு, வழவழவென்று வழுக்கை.

அவருடைய மொத்தச் சொத்தும் வலது ஆள்காட்டி விரல். இடுக்கில் சிலிக்கான் பசையை ஏற்றி, அந்த விரலைச் சோப்புத் தண்ணீரில் நனைத்து, ஒரே இழுப்பில் வழித்துவிடுவார். கண்ணாடி மாதிரி நிற்கும். விரலுக்குச் சிராய்ப்பு வந்துவிடக் கூடாதே என்று மற்ற நேரமெல்லாம் துணி சுற்றி வைத்திருப்பார். எதையாவது காட்ட வேண்டுமென்றால் மோவாயால்தான் காட்டுவார். ஓட்டுப் போடும்போது இடது விரலில்தான் மை வைப்பார்கள் என்று தெரிந்தும், வலது கையைப் பைக்குள் ஒளித்துக்கொண்டுதான் போவாராம்.

அவர் எங்கள் வீட்டுக்கு வரக் காரணம் என் குளியலறை. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் முடித்து, மேலே படித்து, வேலைக்குப் போன முதல் ஆள் நான். ஸ்ரீபெரும்புதூரில் வேலை கிடைத்ததும் மாடியில் ஓர் அறையும் குளியலறையும் கட்டினேன். பயிற்சிக்குப் போன இடத்தில் பார்த்த மாதிரியே வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றேன். காலடியில் வெள்ளைத் தட்டு, தலைக்கு மேல் ஷவர், சுற்றிலும் கண்ணாடி. அம்மா அந்தத் தட்டைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள்.

"ஏம்மா, தாம்பாளத்துல நின்னுக்கினு குளிக்க நீ என்ன உற்சவரா?"

உற்சவருக்குச் சில மாதங்கள் ஜோராக அபிஷேகம் நடந்தது. பிறகு தட்டுக்கும் சுவருக்கும் நடுவில் கொத்தனார் பூசிய வெள்ளை சிமெண்ட் விரிசல் விட்டது. குளியலறைக்கு நேர் கீழே அப்பாவின் தறி. முதல் சொட்டு அப்பாவின் தோளில் விழுந்தது. பல்லி என்று நினைத்துத் தட்டிவிட்டார். அப்புறம் தளத்தில் ஈரம் படர்ந்தது. அது அன்னப்பறவை மாதிரி இருக்கிறதே, முந்தானைக்கு ஆகுமா என்று அதையும் கொஞ்ச நேரம் அண்ணாந்து பார்த்தார்.

அப்போதுதான் எல்லோரும் தறியைக் குனிந்து பார்த்தோம். தறியில் பாதி நெய்த முகூர்த்தப் புடவை. அரக்குச் சிவப்பு. அதில் ஒரு சொட்டுத் தண்ணீர் விழுந்தாலும் வட்டமாகக் கறை நின்றுவிடும். மணவறைக்குக் கல்யாணப் பெண் வேறு புடவை தேட வேண்டும். அப்பா இத்தனை வருடம் கைவேலையில் சேர்த்த பெயரும் போய்விடும். தறிக்கு மேல் பிளாஸ்டிக் ஷீட் கட்டினோம். நான் பழையபடி கொல்லையில் வாளியோடு குளித்தேன்.

அப்பா சும்மா இருக்கவில்லை. நெசவுக்காரருக்கு எந்த விரிசலும் அறுந்த இழைதான். பாவு நூலுக்குப் போடும் அரிசிக் கஞ்சியைக் கெட்டியாகக் காய்ச்சி, கழிவுப் பட்டு நூலை அதில் முக்கி, தட்டைச் சுற்றித் திணித்துவிட்டார். பார்க்கப் பார்க்க அழகு. அடுத்த நாள் எறும்பு வந்தது. அதற்கடுத்த நாள் பழைய சோற்று வாடை வந்தது. அதன் பிறகுதான் நாயனா வந்தார்.

வந்தவர் மோவாயால் தட்டைச் சுட்டினார். கொக்கியால் அப்பாவின் பட்டுக் கஞ்சியை நீளமாக உருவித் தூக்கிப் பிடித்தார்.

"தேவுடா! யாருப்பா பாத்ரூம்ல புடவ நெஞ்சது?"

அப்பா ஜன்னல் வழியாகத் தெருவைப் பார்த்தார்.

இடுக்கைச் சுரண்டி, துடைத்து, காய வைக்க என் ஹேர் டிரையரை வாங்கிக்கொண்டார். ஒரு முடிகூட இல்லாத மனிதர் அரை நாள் ஹேர் டிரையரும் கையுமாக உட்கார்ந்திருந்தது எங்கள் தெரு பார்த்த முதல் அதிசயம். பிறகு பசைக் குழாயை என்னிடம் நீட்டினார்.

"இன்ஜினீரம்மா, இதுல என்ன போட்டுகிறான், படி."

நான் ஆங்கிலத்தில் படித்துத் தமிழில் சொன்னேன். இடம் ஈரமில்லாமல் இருக்க வேண்டும், ஒரு நாள் முழுக்கத் தண்ணீர் படக் கூடாது. வாத்தியார் பரீட்சைத் தாள் திருத்துவது போலத் தலையாட்டினார். "கரெக்ட்டாதான் எழுதிகிறான். ஆனா முக்கியமானத வுட்டுட்டான்."

அம்மாவைத் தட்டில் ஏறி நிற்கச் சொன்னார். தட்டு ஒரு நூல் அளவு இறங்க, சுவரோரத்தில் இடுக்கு வாயைத் திறந்தது. "பாத்தியா? சும்மா கெடக்கும்போது அடச்சா, ஆள் ஏறினதும் பிச்சுக்கும். பாரம் வெச்சுதான் அடைக்கணும். காயற வரைக்கும் பாரம் எறங்கக் கூடாது."

"தட்டு நிறையத் தண்ணீர் விட்டால் பாரம்தானே?" என்றேன்.

"திருடனையே காவலுக்கு வெக்கச் சொல்றியே, நீ படிச்சவதானா?"

மணல் மூட்டை? மணலும் ஒழுகுமாம், ஒழுகும் எதையும் அவர் நம்ப மாட்டாராம். அரிசி மூட்டை? அம்மா குறுக்கே விழுந்தாள். "துன்ற அரிசிய கொண்டாந்து குளிக்கிற எடத்துல வெப்பியா நீ?"

அப்பா தயாரானார். நாயனா மேலும் கீழும் பார்த்தார். "நீ தறி நாடா மாதிரி இருக்கற. உனுக்கு அது அசையாதுபா." என் எடையும் தேறவில்லை. அம்மாவை உட்கார வைக்கலாம் என்றால் தறி நின்றுவிடும். இரண்டு பக்கக் கரையையும் தனி நூலில் உடலோடு கோத்து நெய்யும் கோர்வைப் புடவை அது. எதிர்ப்பக்கக் கரைக்கு நூல் நாடாவை எறிவது அம்மாதான். முகூர்த்தமோ நெருங்கிக்கொண்டிருந்தது.

நாயனா தட்டுக்கு நடுவில் பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, உட்கார்ந்தபடியே வளைந்து நெளிந்து சுற்றிலும் பசை ஏற்றி, விரலால் வழித்தார். அப்புறம் கையைக் கட்டிக்கொண்டார்.

"பாரம் ஏறிச்சு. நீங்க போயி நெய்ங்க."

பொழுது சாய்ந்து பசை பிடிக்கும்வரை அந்த மனிதர் எங்கள் குளியலறையில் கண்ணாடிப் பெட்டிக்குள் சாமி மாதிரி உட்கார்ந்திருந்தார். சாப்பாட்டை உள்ளே நீட்டினேன். தண்ணீர் வேண்டாம் என்றுவிட்டார். "உள்ள போனா வெளிய வரணும்னு கேக்கும்மா. எழுந்தா வேல கெட்டுச்சு." பக்கத்து வீட்டார் ஒவ்வொருவராக வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். கீழே தறிச் சத்தம் நின்றால் போதும், மாடியிலிருந்து குரல் வரும்.

"என்னாச்சு?"

"இழ அறுந்துச்சு நாயனா!" என்று அப்பா கத்துவார்.

"முடிச்சு போட்டுட்டு கத்துய்யா! நான் இங்க யாருக்காக குந்திக்கினு இருக்கறேன்?"

அப்பா வாழ்க்கையில் அன்றைக்கு நெய்த அளவு என்றைக்கும் நெய்ததில்லை.

பசை நன்றாக இறுகட்டும் என்று ஒரு நாள் விட்டு, நாயனா சோதனைக்கு வந்தார். வந்ததும் தறிக்கு மேலே இருந்த ஷீட்டை அவிழ்க்கச் சொன்னார். அப்பா முடியவே முடியாது என்று நின்றார்.

"ஷீட்டு இருந்தா சொட்டு எங்க வுழுதுன்னு எப்டி தெரியும்?"

"வுழுந்தா என் புடவ போச்சே, நாயனா!"

நாயனா வெள்ளைச் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். தறியோரம் மண்டியிட்டு, பாவுக்கு மேலே தலையை நீட்டினார். தளத்து ஈர அன்னப்பறவைக்கு நேர் கீழே வழுக்கை.

"வுழுந்தா என் மண்டையில வுழட்டும். இப்ப அவுரு."

காற்றில் சொட்டு தள்ளிப் போய் விழும் என்று மின்விசிறியையும் நிறுத்தச் சொன்னார். நான் மாடியில் உடுத்திய உடையோடு தட்டில் ஏறி ஷவரைத் திறந்தேன். முழங்கையால் சுவரில் இடித்துக்கொண்டு, கால் மாற்றி மாற்றி நின்றேன். திடீரென்று கீழேயிருந்து நாயனாவின் அலறல்.

"வுழுந்துச்சு!"

ஷவரை மூடிவிட்டு, சொட்டச் சொட்டப் படியில் இறங்கி ஓடி, வாசற்படியிலேயே நின்றுகொண்டேன். அம்மா வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள். நாயனா விரலால் மண்டையைத் தொட்டு, நாக்கில் வைத்துப் பார்த்தார். முகம் மாறியது. மெல்லத் தலையைத் திருப்பி மேலே பார்த்தார். அங்கே, அவர் மண்டைக்கு ஒரு சாண் மேலே, பதற்றத்தில் குனிந்து நின்ற அப்பாவின் முகம். வியர்வை ஆறாக ஓடிக்கொண்டிருந்தது.

"யோவ், உப்பு கரிக்குது! ஒழுகறது நீதான்யா!"

அப்பாவின் மூக்கு நுனியில் அடுத்த சொட்டு தொங்கியது. நாயனா பாய்ந்து ஆணியிலிருந்த தன் சட்டையை உருவி அப்பாவின் முகத்தில் அழுத்தினார். பிறகுதான் எல்லோருக்கும் சிரிப்பு வந்தது. மேலே தளம் வறண்டு கிடந்தது. அரக்குப் பட்டு அப்படியே இருந்தது.

நாயனா அந்த ஈரச் சட்டையையே மாட்டிக்கொண்டு கிளம்பினார். சம்பந்தி வீட்டாருக்குச் செய்வது போல நாங்கள் மூவரும் பேருந்து நிறுத்தம்வரை போனோம்.

"இன்னா ஊர்வலம் இது? போயி வேலயப் பாருங்கபா" என்று அதட்டினார். அப்பாவும் அம்மாவும் கொஞ்சம் முன்னால் போனதும் என்னிடம் சொன்னார்: "நம்ம தொழில் ஒரு மாதிரிமா. அரைகுறையா செஞ்சா திட்டறதுக்காவது கூப்புடுவாங்க. நல்லா செஞ்சுட்டா ஒருத்தனும் கூப்புட மாட்டான்."

புடவை நல்லபடியாகக் கல்யாணத்துக்குப் போனது. அதற்குப் பிறகு நாயனாவின் மகள் அவரைச் சித்தூருக்கு அழைத்துக்கொண்டு போய்விட்டாள். மாதம் ஒருமுறையாவது போன் போடுகிறேன். எடுத்ததுமே பதறிக்கொண்டு, "எங்கம்மா ஒழுகுது?" என்பார்.

"எங்கயும் ஒழுகல நாயனா. சும்மாதான் கூப்ட்டேன்."