சிறுத்தைக்கு மைக் கொடுத்த சருகுமான்

ஒரு காட்டில் மழையில்லை, மேய்ச்சலில்லை. கருத்தரங்குக்கு மட்டும் குறைவே இல்லை. அன்றைய தலைப்பு, 'சிந்திப்பது யார்? மனிதனா, விலங்கா, இயந்திரமா?' பேராசிரியர் மதிவாணர் என்கிற நரி மேடையில் இரண்டு உதாரணங்களை வைத்திருந்தார். ஒன்று, மனிதர்களிடமிருந்து வரவழைத்த செயற்கை நுண்ணறிவுப் பெட்டி. இன்னொன்று, ஒரு சருகுமான் குட்டி.

குட்டியின் தாய் பூவாயிக்கு இதில் துளியும் இஷ்டமில்லை. "சும்மா உட்கார்ந்தால் போதும், சான்றிதழ் தருவோம்" என்று நைச்சியமாகப் பேசிக் குட்டியைக் கூட்டிப்போய்விட்டார் மதிவாணர். படித்தவரிடம் எப்படி மாட்டேன் என்பது? குட்டியை விட்டுக் கண்ணை எடுக்காமல் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தாள் பூவாயி.

குத்துவிளக்கு ஏற்றி, ஒருவருக்கொருவர் பொன்னாடை போர்த்தி முடிப்பதற்குள் வெயில் உச்சிக்கு வந்துவிட்டது. அப்போதுதான் பூவாயிக்குச் சிறுத்தை வாடை அடித்தது.

"ஐயா! மேடைக்குப் பின்னால சிறுத்தை வருது. என் குட்டிய விட்டுடுங்க!"

மதிவாணர் பூரித்துப்போனார். "பார்த்தீர்களா! இதைத்தான் என் கட்டுரையில் சொல்லியிருக்கிறேன். மூக்கு சொல்கிறது, வாய் கத்துகிறது. நடுவில் சிந்தனை என்பதே கிடையாது. எங்கே, பெட்டியைக் கேட்போம்."

"அருமையான கேள்வி!" என்றது பெட்டி. "இதுவரை எந்தக் கருத்தரங்குக்கும் சிறுத்தை வந்ததாகப் பதிவில்லை. நிம்மதியாக உட்காருங்கள்."

சபை கைதட்டியது. தட்டி ஓய்வதற்குள் சிறுத்தை மேடையேறிக் குட்டியின் பக்கத்தில் நின்றது.

பூவாயி கணக்குப் போட்டாள். ஓடினால் குட்டி போச்சு, கத்தினாலும் போச்சு. ஆனால் காலையிலிருந்து அவள் இந்த மேடையைப் பார்த்துக்கொண்டுதானே இருந்தாள்? மைக்கைப் பிடித்த எவருக்கும் அதன்பிறகு பசி, தாகம் எதுவும் இருக்கவில்லை.

தத்தித் தத்தி மேடைக்குப் போனாள். மிச்சமிருந்த பொன்னாடையைச் சிறுத்தைக்குப் போர்த்தினாள். மைக்கை நீட்டினாள்.

"சிறப்பு விருந்தினர் அவர்களே! வேட்டைக்காரங்க எப்படிச் சிந்திக்கிறாங்கன்னு நாலு வார்த்தை பேசணும். உங்களுக்காகத்தான் காத்துக் கிடக்கிறோம்."

சிறுத்தை குட்டியைப் பார்த்தது. மைக்கைப் பார்த்தது. தொண்டையைச் செருமிக்கொண்டது.

"அனைவருக்கும் வணக்கம். நான் அதிகம் பேசப் போவதில்லை..."

அவ்வளவுதான். அது தன் இளமைக் காலத்துக்கு வருவதற்குள் முயல்கள் நழுவின. "சுருக்கமாகச் சொன்னால்" என்றபோது யானையே எழுந்து போயிருந்தது. பூவாயி குட்டியை முன்னே தள்ளிக்கொண்டு புதருக்குள் மறைந்தாள்.

பேசி முடித்துச் சிறுத்தை நிமிர்ந்தபோது சபையில் ஒருவர் மட்டும் கையைத் தூக்கிக்கொண்டு நின்றார்.

"இது கேள்வி அல்ல," என்றார் மதிவாணர். "ஒரு சின்னக் கருத்து."

சிறுத்தைக்குப் பசி ஞாபகம் வந்தது.

கொஞ்ச நேரம் கழித்து, ஆளில்லாத சபையைப் பார்த்துப் பெட்டி அறிவித்தது: "கருத்தரங்கு இனிதே நிறைவுற்றது. பேராசிரியரின் கருத்தை மறுத்து யாரும் பேசவில்லை."

நீதி: உயிர் பிழைக்க அறிவு வேண்டியதில்லை, பேச்சாளர் கண்ணில் படாமல் எழுந்து போகத் தெரிந்தால் போதும்.