செருப்புக்கு நிர்வாகம் பொறுப்பல்ல

தனக்கே தெரியாத ஒன்றை ஊருக்குச் சொல்லிக்கொடுக்கப் புறப்படும் துணிச்சல் முப்பது வயதில்தான் வரும். எனக்குக் கொஞ்சம் தாராளமாகவே வந்தது.

பர்மாவில், யாங்கூனின் அலோன் பகுதியில், சரக்கு அனுப்பும் அலுவலகமொன்றில் எழுத்தர் வேலை. வீட்டில் பர்மியம், அலுவலகத்தில் ஆங்கிலம். தமிழ் காதோடு சரி. (திட்டினால் முழுதாகப் புரியும்.) எங்கள் பகுதியில் ஒரு தமிழ் வகுப்பு தொடங்க வேண்டும் என்ற ஆசை மட்டும் நிஜம். அப்போதுதான், நலிந்துவரும் தாய்மொழிகளை மீட்க விரும்புவோருக்கான இணைய வகுப்பு கண்ணில் பட்டது. நடத்தியவர் வட அமெரிக்காவின் பெரிய ஏரிகள் பக்கத்து அனிஷினாபே பழங்குடிப் பெண்மணி. வளர்ந்த பிறகு தன் மொழியைக் கற்று, இப்போது குழந்தைகளுக்கு அந்த மொழியிலேயே பாடம் எடுப்பவர்.

விண்ணப்பத்தில், ‘தமிழ் சரளம், வாராவாரம் வகுப்பு எடுக்கிறேன்’ என்று எழுதினேன். இடம் கிடைத்துவிட்டது.

முதல் நாள் காலை ஏழு மணி. திரையில் முப்பது முகங்கள். ஆசிரியை ‘பூஷூ’ என்று வணக்கம் சொல்லி, தன் பெயர், குலம், ஊர் எல்லாவற்றையும் தன் மொழியில் சொன்னார். நாங்களும் அவரவர் மொழியில் அப்படியே சொல்ல வேண்டுமாம்.

என் முறை வந்தது. தடங்கலின்றி எனக்குத் தெரிந்த தமிழ் ஒன்றே ஒன்றுதான்: கோயில் திருவிழாவில், பர்மிய எழுத்தில் எழுதிவைத்து, பத்து நாள் மைக்கில் வாசித்த அறிவிப்பு. இங்கே யாருக்குத் தமிழ் தெரியப்போகிறது? நெஞ்சில் கைவைத்து, கண்மூடி, குரல் தழுதழுக்கச் சொன்னேன்:

“பக்தர்கள் காலணிகளை உரிய இடத்தில் மட்டும் விடவும். காணாமல் போனால் நிர்வாகம் பொறுப்பல்ல.”

யாரோ கைதட்டினார்கள். ஆசிரியை நெகிழ்ந்துபோய் அர்த்தம் கேட்டார். என் முன்னோர் கப்பலேறி வந்த துயரம் என்று ஆங்கிலத்தில் அளந்துவிட்டேன்.

கேமரா அணைத்திருந்த ஒரு கட்டத்திலிருந்து சுத்தத் தமிழில் குரல் வந்தது.

“அண்ணே, இது செருப்பு விஷயம்தானே?”

யாங்கூனுக்கு வடக்கே மாவ்பியில் தையற்கடை வைத்திருக்கும் கீதா. வகுப்புக்கு வந்தவர்கள் பட்டியலில் பெயரை நான் பார்த்திருக்க வேண்டும். எனக்குத் தெரிந்த ஒரே தந்திரத்தைச் செய்தேன்: இணைப்பு உறைந்துவிட்டதுபோல் வாயைத் திறந்தபடி அசையாமல் இருந்தேன்.

“அண்ணே, பின்னால ஃபேன் சுத்துது.”

கீதா ஆங்கிலத்தில் விளக்க, முப்பது முகங்களும் குலுங்கின. ஆசிரியை கண்ணாடியைக் கழற்றிக் கண்களைத் துடைத்துக்கொண்டார். பிறகு தன் கதையைச் சொன்னார். முதன்முதலாக ஒரு கூட்டத்தில் தன் மொழியில் மனப்பாடமாகப் பேசினாராம். பிறகு ஒருவர் ஏதோ கேட்க, இவர் ‘மீக்வெச்’, அதாவது நன்றி, என்றாராம். மீண்டும் கேட்க, மீண்டும் நன்றி. நாலு முறை. அவர் கேட்டது, “உங்க பேர் என்ன?”

“இப்போது உடைந்த தமிழிலேயே சொல்லுங்கள்” என்றார்.

“என் பேரு குமார். தமிழ் புரியும்... தாபேமே... பேச வராது.” (‘ஆனால்’ என்பதற்குக்கூடப் பர்மியம்தான் வந்தது.)

“இது நிஜம். இங்கிருந்து தொடங்கலாம்” என்றார் ஆசிரியை.

தொடங்கினோம். அடுத்த மாதமே அலோனில் ஒரு ஞாயிறு வகுப்பு. கீதா சொல்லிக்கொடுத்தாள், நான் நாற்காலி போட்டு, முதல் வரிசையில் மாணவனாக உட்கார்ந்தேன். ‘இனிமேல் அண்ணே என்று கூப்பிடாதே’ என்பதைத் தப்பில்லாத தமிழில் அவளிடம் சொல்ல எனக்கு மூன்று மாதம் பிடித்தது. எங்களுக்குக் கல்யாணமாகி ஐந்து வருடமாகிறது. நான் எதையாவது பெருமையடிக்க ஆரம்பித்தால் மாமனார் முதல் மச்சினி வரை விட்டத்தைப் பார்த்து, “ஃபேன் சுத்துது” என்கிறார்கள்.

வகுப்பில் இப்போது பதினோரு பேர். ஒவ்வொருவரும் அந்த வாரம் செய்த ஒரு காரியத்தைத் தமிழில் சொல்ல வேண்டும். போன ஞாயிறு, துறைமுகத்தில் கிரேன் ஓட்டும் கோ வேலு எழுந்து நின்றார். (பர்மியத்தில் ‘கோ’ என்றால் அண்ணன்.)

“எங்கம்மாவுக்கு போன் போட்டு தமிழ்ல பேசினேன். யாரோன்னு நெனச்சு வெச்சிட்டாங்க.”

“அப்புறம்?” என்றாள் கீதா.

“மறுபடி கூப்பிட்டேன்.”