அடெமாரின் கசப்பு மாத்தே

"இன்னும் ரெண்டு பல்லு சொத்தை! திருட்டுத்தனமா என்னத்தைத் தின்னுறீங்க?" என்று சீறினார் பல் டாக்டர் கிராசியேலா.

வாயைப் பிளந்தபடி கிடந்த அடெமார் கையை விரித்தார். தொண்டைப் புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு கொடுத்ததில் நோய் ஒழிந்தது. கூடவே எச்சிலும் ஒழிந்தது, ருசியும் ஒழிந்தது. நாக்கு செத்த சங்கதியை மட்டும் மனைவி நெல்லியைத் தவிர யாரிடமும் அவர் மூச்சுவிடவில்லை.

"எச்சில் இல்லாத வாய்ல இனிப்பு பட்டா பல்லு அரிச்சுடும். பிடுங்கித் தொலைக்கலாம்னும் நினைக்காதீங்க. கதிர் பட்ட எலும்பு, புண்ணானா லேசுல ஆறாது. தாடையே போயிடும்!"

"சத்தியமா இனிப்பைத் தொடலை டாக்டர். மாத்தே மட்டும்தான். வெதுவெதுப்பா, கசப்பா. பஸ் டிப்போவுல யாரை வேணா கேளுங்க."

கேட்கவே வேண்டாம். அவர் வேலை பார்க்கும் பைசாந்து ஊர் டிப்போவில், மாத்தே இலையை நிரப்பி வெந்நீர் ஊற்றிய குடுவை கைக்குக் கை சுற்றிவரும்போது, சக்கரை என்று வாயெடுத்தவன் செத்தான். மெக்கானிக் ஹெபர் ஒருநாள் கேட்டுவிட்டான். "தொட்டில்ல படுத்துக் குடிடா பாப்பா!" என்றார் அடெமார். அதற்கப்புறம் வெகுநாள் அவன் பெயரே பாப்பாதான்.

சிகிச்சை முடிந்து டிப்போவுக்குத் திரும்பிய அன்று, அந்த ஹெபர் கையிலிருந்த குடுவையைத்தான் வெடுக்கென்று பிடுங்கி உறிஞ்சினார். வாயில் ஈரத்துணியைத் திணித்தது போல இருந்தது. அதை வெளியே சொன்னால் மானம் என்னாவது?

"ஆகா! இதுதான்டா கசப்பு!" என்று சப்புக்கொட்டினார். எல்லோரும் விருட்டென்று எழுந்து நின்றார்கள். தன் மேல் பயல்களுக்கு அத்தனை மரியாதை என்று பூரித்துப்போனார்.

டாக்டர் சொன்னதைக் கேட்டு நெல்லி வீட்டிலிருந்த ஜாம், பிஸ்கட் எல்லாவற்றையும் தூக்கி எறிந்தாள். சொத்தை நிற்கவில்லை. பழத்தை விட்டார். ரொட்டியை விட்டார். தினமும் ஃப்ளூரைடு களிம்பு தடவிய அச்சைப் பல்லில் மாட்டிக்கொண்டு பேசாமடந்தையாக உட்கார்ந்தார். பசிக்கும் வறண்ட வாய்க்கும் பாவம், மாத்தேதான் கதி. டிப்போவில் காலையிலிருந்து சாயங்காலம் வரை உறிஞ்சினார்.

"பாக்கெட்டைக் காட்டுய்யா. மிட்டாய் எங்க?" என்று நெல்லி சட்டையை உதறினாள்.

"என்னை நம்பமாட்டியாடி?"

"நான் நம்புறேன். உன் பல்லு நம்பலையே!"

அடுத்த முறை டாக்டர் திட்டக்கூட இல்லை. தாடைப் படத்தைப் பார்த்துவிட்டு உச்சுக்கொட்டினார். அடெமார் நேரே டிப்போவுக்குப் போய் டயர் மேல் பொத்தென்று உட்கார்ந்தார்.

"டேய், இனிப்பு எனக்கு விஷம்டா. தாடையே போயிடும்கிறாங்க. எனக்குப் பயமா இருக்குடா. சோறு தண்ணியெல்லாம் விட்டாச்சு. உங்க கையால குடிக்கிற இந்தக் கசப்பு ஒண்ணுதான் மிச்சம்!"

ஹெபர் நீட்டிய குடுவை பாதியில் நின்றது. மற்றவர்கள் அவசரமாக ஒரு பஸ்ஸின் இன்ஜினுக்குள் தலையை விட்டுக்கொண்டார்கள்.

வாசல் காவலாளி தாரியோதான் தொப்பியைக் கழற்றிக்கொண்டு முன்னால் வந்தான்.

"அண்ணே, அன்னிக்கு 'இதுதான்டா கசப்பு'ன்னு சப்புக்கொட்டினீங்களே, அதுல நாலு கரண்டி சக்கரை. அன்னியிலேருந்து உங்க புண்ணியத்துல டிப்போ மொத்தமும் நிம்மதியா இனிப்புதான் குடிக்குது!"